கூட யாரும் வரலியா?

வங்கியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில், பஸ் படியில், மனு கொடுக்கும் நாளில் என்று எங்கே போய் நின்றாலும் என்னிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான்: "கூட யாரும் வரலியாம்மா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். சிலர் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அந்தக் கேள்வியில் அக்கறை உண்டு. ஒரு பெண், அதிலும் கட்டை ஊன்றி நடக்கிற பெண், தனியாக இங்கே வந்து நிற்பாள் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை என்பதும் அதிலேயே உண்டு.

நகரத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக ஆக்குவது பற்றிச் சமீப ஆண்டுகளில் அரசு ஆணைகள், தீர்ப்புகள், திறப்பு விழாக்கள், கட்டுரைகள் என்று நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். அதற்கு முன் நான் எங்கிருந்து வாசிக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

என் ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலிக்கு அருகே, பண்ருட்டிப் பக்கம், செம்மண்ணும் முந்திரித் தோப்புமான பூமி. கொட்டை உடைப்பதும் பருப்புக்குத் தோல் உரிப்பதும் இங்கே பெண்கள் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்நுனித் தோல் உரிந்து, கைரேகை இயந்திரம் தங்களை அடையாளம் காணாமல் ரேஷன் கடையில் திரும்பத் திரும்ப விரல் வைத்து நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் மாற்றுத்திறனாளி என்று சொல்வதில்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது கால் சூம்பிவிட்டது, வலது காலிலும் பலம் குறைவு. பன்னிரண்டு வயது வரைக்கும் என் கால் என் அண்ணன்தான். பள்ளிக்கூடத்துக்கும் திருவிழாவுக்கும் அவன் முதுகில் உப்புமூட்டையாகவே போனேன். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும் அவன் தோளுக்கு மேலாகத்தான். பதிமூன்றாம் வயதில் பெரியவளானேன். சடங்கெல்லாம் முடிந்து மறுபடி பள்ளிக்குக் கிளம்பிய காலையில் அண்ணன் வழக்கம்போல வாசலில் முதுகைக் காட்டிக் குனிந்தான். ஆயா ஓடி வந்து அவனைத் தள்ளி நிறுத்தினாள். "வயசுக்கு வந்த புள்ளய இன்னும் முதுவுல தூக்கிக்கினு திரியுவியாடா? ஊரு சிரிக்காதா?"

அன்றோடு பள்ளி நின்றது. முந்தைய மாதம் இருந்த அதே கால், அதே தூரம், வகுப்பறைக்கு ஏற வேண்டிய அதே மூன்று படி. எங்கள் தெருவில் என்னைப் போலவே போலியோ வந்த பையன் ஒருவன் இருந்தான். அவனைக் கூட்டாளிகள் மாறி மாறித் தூக்கிப் போய் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்துவிட்டார்கள். அவன் உடம்பை யார் தொட்டாலும் அது உதவி. என் உடம்பைத் தொட்டால் அது பேச்சு. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு முகாமில் மூன்று சக்கர வண்டி கிடைத்த பிறகுதான் என்னால் மறுபடி பள்ளிக்குப் போக முடிந்தது. ஊனம் பற்றிய பேச்சில் 'தடை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று படியோடு ஆயாவின் குரலும் சேர்ந்தே கேட்கிறது. படி இல்லாமல் இருந்திருந்தால் தூக்க வேண்டிய தேவை இல்லை, தூக்க வேண்டிய தேவை இல்லாவிட்டால் ஆயாவுக்கு என் படிப்பில் பேச்சே இல்லை.

வண்டி வந்த பிறகு நான் அடிக்கடி போக ஆசைப்பட்ட இடம் நெய்வேலி டவுன்ஷிப். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, அதன்பின் வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். அகலமான சாலை, மரநிழல், நேர்கோடு. என் வண்டிச் சக்கரம் அங்கே முனகாமல் ஓடியது. எங்கள் தெருவில் இருபது நிமிஷம் மிதித்துக் கடக்கும் தூரத்தை அங்கே கையால் நாலு சுற்று சுற்றிக் கடந்துவிடுவேன் போலிருக்கும். அந்தச் சாலைகளை எனக்காக யாரும் போடவில்லை. வேலை கிடைத்தவர்களின் சைக்கிளுக்கும் ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் போட்டார்கள். ஆனாலும், கட்டுவதற்கு முன்னால் ஒருவர் வரைபடத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஊர் எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். 'நம் ஊரில் அதற்கெல்லாம் இடமில்லை, காசில்லை' என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அந்தச் சாலை ஞாபகம் வரும். அதே நெய்வேலியில் 2020-இல் மே மாதமும் ஜூலை மாதமும் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள், சிலர் தீக்காயங்களோடு பிழைத்தார்கள் என்பதும் ஞாபகம் வரும். ஊனம் பிறப்பிலும் கிருமியிலும் மட்டும் வருவதில்லை, வேலையிலும் வருகிறது. அப்படி வீடு திரும்புகிறவரின் 'கூட' இருக்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அது மனைவி என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி ஆணைக்கு வருகிறேன். 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்று கையெழுத்திட்டவற்றில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்திரி உடைக்கிற பெண்கள் மாமியாரிடமோ புருஷனிடமோ பஸ் காசு கேட்காமல் பண்ருட்டிச் சந்தைக்குப் போய் வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். கேட்கத் தேவையில்லை என்பதுதான் அதில் பெரிய விஷயம், மிச்சமாகும் பத்து இருபது ரூபாய் அதற்கு அடுத்தது. அடுத்த மாதமே இந்தச் சலுகையைத் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாற்றுத்திறனாளியோடு வரும் துணையாளருக்கும் நீட்டித்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். நான் பெண் என்பதால் முதல் ஆணையிலேயே எனக்கு டிக்கெட் இல்லை. ஊனமுள்ளவள் என்பதால் இரண்டாம் ஆணையிலும் டிக்கெட் இல்லை. ஒரே டிக்கெட்டை இரண்டு முறை தள்ளுபடி செய்திருக்கிறார்கள். எனக்குப் புதிதாகக் கிடைத்தது என் கூட வருபவரின் டிக்கெட் மட்டும். பஸ்ஸோ பழைய பஸ்தான். முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. காசு வாங்கும் கையை அரசு எடுத்துவிட்டது, படியை விட்டுவிட்டது. ஏற்றிவிட ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த ஆளுக்கு இலவசம் என்றது. படியைத் தாழ்த்துவதைவிடத் துணைக்கு வருபவரின் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது மலிவு.

மலிவு யாருக்கு? என் கூட வந்தது முதலில் அம்மா, பிறகு தங்கை, இப்போது அண்ணன் மகள். எனக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற்றிவிட்டு, அப்புறம் தான் ஏறுவாள். கடைசிக் காலத்தில் அவளுக்கே ஏற ஆள் வேண்டியிருந்தது. 'துணையாளர்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லுக்குள் சம்பளமில்லாத ஒரு பெண்ணின் உழைப்பு உட்கார்ந்திருக்கிறது. நான் கொண்டாடும் அதே ஆணை அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

துணை இல்லாமல் போனால்? பஸ் நிற்கும், யாராவது இறங்கி வந்து "கை குடும்மா, தூக்கி விடறேன்" என்பார். நல்ல மனசோடு வருபவர்கள் பத்தில் ஒன்பது பேர். பத்தாவது கை எங்கே படும் என்று இதை வாசிக்கும் எந்தப் பெண்ணுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் இடிப்பவனை முறைக்கலாம், ஊக்கால் குத்தலாம் என்று எங்கள் காலத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தூக்கி விடுபவனை நான் முறைக்க முடியாது. அவன் என்னைக் கீழே விட்டுவிடக்கூடும், அதோடு மொத்த பஸ்ஸும் அவனைப் புண்ணியவானாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இரண்டு மூன்று தடவை நானும் சொல்லியிருக்கிறேன்.

பெண்கள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் நான் இதைச் சொன்னபோது அறையில் ஓர் அமைதி வந்தது. பிறகு ஒருவர், "இது கொஞ்சம் வேற பிரச்சனை இல்லையா தோழர்?" என்று கேட்டார். வேறு பிரச்சனை இல்லை என்று டெல்லியைச் சேர்ந்த அனிதா காய் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அவரும் சிறுவயதில் போலியோ வந்தவர், உளவியல் பேராசிரியர், 2024 டிசம்பரில் காலமானார். ஊனமுள்ள பெண்களை இந்தியப் பெண்ணியம் தன் நிகழ்ச்சி நிரலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்று 'ஹைபேஷியா' இதழில் 2002-இல் அவர் எழுதிய கட்டுரை தலைப்பிலேயே குற்றம் சாட்டியது. ஊனமுற்றோர் இயக்கத்தில் நாங்கள் பெண்கள் என்பது மறைந்துபோகிறது, பெண்கள் இயக்கத்தில் ஊனம் மறைந்துபோகிறது என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையைப் பாடத்தில் வைத்திருக்கும் மாணவிகள், அது நடத்தப்படுகிற வகுப்பறை எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்று பாருங்கள்.

மும்பைத் தெருக்களை வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011-இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' எனக்குப் பிடித்த புத்தகம். பெண் பொதுவெளியில் நிற்க வேண்டுமென்றால் ஒரு காரணத்தைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் சும்மா சுற்றும் உரிமை அவளுக்கு வேண்டும் என்று வாதாடுகிற புத்தகம். அதை வாசித்தபோது என் நிலைமைக்கு ஒரு சொல் கிடைத்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்து, கட்டை ஊன்றிய பெண்ணை இரண்டு காரணங்களுக்காக மட்டும் உலகம் வெளியே விடுகிறது: வைத்தியம், உதவித்தொகை. மூன்றாவதாகக் கோயிலைச் சேர்க்கலாம். வேறெங்கே போனாலும் "இந்தக் காலோட எதுக்கும்மா அலையுறே?" சும்மா நிற்கும் உரிமை கேட்பதற்கு முன்னால் சும்மா போய்ச் சேரும் வழி எனக்கு வேண்டும்.

இதனால்தான் மெரினா சாய்தளத்தைப் பற்றி என் கருத்து என் நண்பர்கள் சிலரோடு ஒத்துப்போவதில்லை. 2022 நவம்பர் இறுதியில் மணலுக்கு மேலே மரப்பலகையில் 263 மீட்டருக்கு ஒரு பாதை திறந்தார்கள். செலவு ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் முனையைப் பிய்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். புயலில் உடைந்ததை வைத்துக் கேலி செய்தார்கள், படம் காட்டுவதற்காகக் கட்டியது என்றார்கள். சக்கர நாற்காலியில் அலைவரைக்கும் வந்தவர்களின் படங்களைச் செய்தியில் பார்த்தபோது நான் அழுதேன். காரணம், அந்தப் பாதை எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. அதன் முனையில் சான்றிதழோ பென்ஷனோ கிடையாது. கடல் மட்டும்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்களுக்கு வெறும் சந்தோஷம் தேவைப்படலாம் என்று தமிழ்நாட்டு அரசு ஒப்புக்கொண்டு பணம் செலவழித்தது அரிது.

என் குறை வேறு. நான் பார்த்த படங்களில் நாற்காலியை யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகைவரைக்கும் அந்த நாற்காலி எந்தப் பஸ்ஸில் வந்தது என்று படம் சொல்லவில்லை. சென்னையில் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் சண்டை தரைத்தளத்தின் உயரம் பற்றியது: தரையிலிருந்து 900 மில்லிமீட்டரா, 400 மில்லிமீட்டரா. விலை அதிகம், நம் சாலைகளுக்குத் தாழ்தளம் சரிப்படாது என்று சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின, அடுத்த ஆண்டு மின்சாரப் பேருந்துகளும் வந்தன. அரை மீட்டருக்காக இத்தனை வருஷம். என் பக்கத்துத் தடங்களில் நான் ஏறுகிற பஸ் எதுவும் இன்னும் குனியவில்லை.

சட்டம் தயங்கியதும் இதே இடத்தில்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, ஆக 2022 ஜூனில் கெடு முடிந்தது. யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளில் 15-ஆம் விதியையே செல்லாது என்றது. சட்டம் 'செய்தாக வேண்டும்' என்று சொல்ல, விதியோ பரிந்துரைகளின் தொகுப்பாக இருந்தது என்பது நீதிமன்றம் கண்ட குறை. மூன்று மாதத்துக்குள் கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது. ரதூரி வழக்குப் போட்டது 2005-இல். சலுகையாகக் கொடுப்பதற்கு ஒரு கையெழுத்து போதும், உரிமையாகக் கொடுப்பதற்குத்தான் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறவர்களே அதிகம். வெளியூர் போகும் நாளில் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஊனமுள்ள பெண்கள் எல்லோரும் அப்படித்தான். சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறை இருக்கிற இடங்களிலும் அது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண்கள் பக்கத்து வாசலில் இருக்கும், பூட்டியிருக்கும், சாவி ஒரு ஆணிடம் இருக்கும். சில இடங்களில் உள்ளே துடைப்பமும் வாளியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற உருவத்துக்குப் பால் கிடையாது. வரைந்தவருக்கு மாதவிடாய் ஞாபகம் வரவில்லை.

நாங்கள் எத்தனை பேர் என்பதே சரியாகத் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஊனமுள்ளவர்கள் 2.68 கோடி, அதில் பெண்கள் 1.18 கோடி. ஆண்களைவிட 30 லட்சத்துக்கும் மேல் குறைவு. வேலையிடத்து விபத்தும் சாலை விபத்தும் ஆண்களை அதிகம் பாதிப்பதால் ஒரு பகுதி இருக்கலாம். இன்னொரு பகுதி எங்கே என்று எனக்குத் தெரியும். 2001-இல் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து, "ஊனமுள்ளவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வருஷம். அம்மா ஒரு கணம் தயங்கி, "அப்படி யாரும் இல்லீங்க" என்றாள். நான் உள்ளே முறத்தை மடியில் வைத்துப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பொய் சொன்னது ஒரு மகளைக் காப்பாற்ற, இன்னொரு மகள் அதற்கு விலை.

2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் வந்த திருத்தத்தால் இனி தமிழ்நாட்டின் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக இருப்பார்கள். 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் என்றால் அத்தனை நாற்காலிகள். நான் சந்தேகப் பிராணி. அந்த நாற்காலிகளில் எத்தனையில் பெண் உட்காருவாள், அந்தப் பெண்ணின் பின்னால் எத்தனை அண்ணன்கள் 'துணைக்கு' நின்று கையெழுத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் கட்டை ஊன்றிய ஒரு பெண், என் அண்ணன் மகளைவிடச் சின்னவள், விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். வீட்டில் கேட்டார்களாம், "கூட்டத்துக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கம்பக்கத்து ஊராட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். தையல் டேப்பைக் கொண்டுபோயிருந்தாள். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறங்குலம், கைப்பிடி இல்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு, ஆக ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் அளந்தாள். பதினொன்றுதான் இருந்தது. "நேரா வராதுக்கா," என்றாள். பக்கச் சுவரோரமாக ஒரு திருப்பம் வைத்தால் வரும். உதிர்ந்து கிடந்த முந்திரிக் குச்சியால் செம்மண்ணில் கோடு போட்டுப் பார்த்தாள், அழித்தாள், தண்ணீர்த் தொட்டியை விட்டு இரண்டடி தள்ளி மறுபடி போட்டாள்.